மூன்றாவது மாதம்

ஜனவரி 9, தூத்துக்குடி

அவர் கப்பலை விட்டு இறங்கி இன்றோடு எழுபத்து நான்கு நாள்.

காலையில் அடுக்களைக்குப் போனால் சீரக டப்பா இருந்த இடத்தில் கடுகு டப்பா. உளுந்தைக் காணவில்லை. கேட்டால் அகர வரிசைப்படி அடுக்கியிருக்கிறாராம். "ஏட்டி, இனிமே கண்ணை மூடிட்டு எடுக்கலாம்லா" என்கிறார். பத்தொன்பது வருடமாக நான் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேட வேண்டி வந்தது. நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கப்பல்காரர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் இருப்பவரிடம் கெட்ட சேதி சொல்லக் கூடாது. நடுக்கடலில் அவர் கேட்டு என்ன செய்துவிட முடியும்? அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது, மகள் யாழினி பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டது, என் கர்ப்பப்பையில் கட்டி என்று அறுத்தது, எல்லாமே அவர் ஊருக்கு வந்து இரண்டு வேளை நன்றாகச் சாப்பிட்ட பிறகுதான் அவருக்குத் தெரியும். அங்கிருந்தும் அப்படியே. என்ஜின் அறையில் தீப்பிடித்ததை இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் வேறொரு என்ஜினியரின் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வந்த பிறகும் சொல்ல முடியாமல் போனது எதுவோ, அது இந்த நோட்டுக்கு.

பிப்ரவரியில் அடுத்த காண்ட்ராக்ட். போன மாதம் சென்னைக்குப் போய் மெடிக்கல் முடித்துவிட்டு வந்தார். "எப்படி இருந்துச்சு?" என்றேன். "எப்பவும் போலத்தான்" என்றார். "போறதா வேண்டாமான்னு அந்தமான்ல வச்சு யோசிச்சுச் சொல்லுதேன்" என்கிறார். அந்தமான் டிக்கெட் யாழினி எடுத்துக் கொடுத்தது. அவள் இப்போது கோயம்புத்தூரில் காலேஜ் சேர்ந்துவிட்டாள். நீங்கள் இரண்டு பேரும் ஒரு தடவையாவது ஜோடியாகப் போய்விட்டு வாருங்கள் என்றாள். எங்களுக்கு ஹனிமூன் என்று ஒன்று நடந்ததில்லை. கல்யாணமாகிப் பதினோராம் நாள் அவர் கப்பல் ஏறினார்.

என் ஆசை ஒன்றுதான். அவர், என் நயினார், இனிமேல் கப்பலுக்குப் போகக் கூடாது. அதையும் நான் கேட்டு அவர் செய்யக் கூடாது, அவர் வாயிலிருந்து தானாக வர வேண்டும். ஏழாம் வருடம் ஒரு முறை அழுது நிறுத்தினேன். ஒரு காண்ட்ராக்டை விட்டுவிட்டு மூன்று வாரம் கூடுதலாக இருந்தார். தினமும் சாயங்காலம் துறைமுகப் பக்கம் போய் எந்தக் கப்பல் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வருவார். நான்தான் பெட்டியை எடுத்து வைத்து அனுப்பினேன். அதோடு சரி.

டிவி சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது. மூன்று தடவை கூப்பிட்டால் நாலாம் தடவை "என்னட்டி?" என்கிறார். உடம்பு இங்கே, மனசு கப்பலில்.

தலைவலி. மூன்றாவது மாதம் ஆனால் எனக்குத் தலைவலி வந்துவிடுகிறது. கண்ணாடியை மாற்ற வேண்டும்.

ஜனவரி 11

பெட்டி அடுக்கினேன். அவர் பிரித்து மறுபடி அடுக்கினார். குளியலறையில் இருந்த பஞ்சையும் வாசலினையும் காணோம். இந்த வீட்டில் என் சாமான் எதுவும் வைத்த இடத்தில் இருப்பதில்லை.

ஜனவரி 13, போர்ட் பிளேர்

விமானம் இறங்கும்போது இவர் தாடையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். மிட்டாய் கொடுத்தேன். ஏழு கடலும் சுற்றியவருக்கு இரண்டு மணி நேர விமானம் ஒத்துக்கொள்ளவில்லை என்று கேலி செய்தேன். சிரிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் பதினாறு வருடமாக அந்தமானை வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வைக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். "பூகோள டீச்சர் பூகோளத்தை இப்பத்தான் பாக்கா" என்று அவர் ஆட்டோக்காரரிடம் சொன்னார். ஆட்டோக்காரரும் தமிழ்தான், சிவகங்கைப் பக்கம். இரண்டு பேரும் என்னைச் சேர்த்துக் கேலி செய்துகொண்டே வந்தார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜனவரி 14, ஹேவ்லாக் தீவு

பொங்கல். ஓட்டலில் கேட்டு அரிசியும் வெல்லமும் வாங்கி, அவர்கள் அடுப்பிலேயே கொஞ்சமாகப் பொங்கினேன். வங்காளிச் சமையல்காரர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சாயங்காலம் கடற்கரையில் நடந்தோம். இப்போதெல்லாம் இவர் என் இடப்பக்கத்தை விட்டு நகர்வதில்லை. நான் அந்தப் பக்கம் போனாலும் சுற்றிவந்து இந்தப் பக்கம் சேர்ந்துகொள்கிறார். கல்யாணமான புதிதில்கூட இப்படி ஒட்டிக்கொண்டு நடந்ததில்லை.

தண்ணீர் காலில் ஏறி இறங்கும் இடத்தில் நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"வடிவு, நான் இனி கப்பலுக்குப் போகல."

"என்னது?"

"போகலட்டி. போதும். இனி உங்கூட இருக்கேன்."

கேட்காமல் வந்துவிட்டது. பத்தொன்பது வருடத்தில் ஒரே ஒரு தடவை, நான் கேட்காமல். அந்த இடத்திலேயே, அத்தனை பேர் பார்க்க, அவர் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் ஒரு பஞ்சாபிக் குடும்பம் ஐஸ்கிரீமை நிறுத்திவிட்டுப் பார்த்தது. பார்க்கட்டும்.

"எனக்காகவா?" என்றேன்.

காலால் மணலைக் கிளறிவிட்டு, "உனக்காகத்தான்" என்றார்.

ஜனவரி 15

இன்று நாள் முழுக்க மழைத் தூறல். ஓட்டலில் உட்கார்ந்து இரண்டு பேரும் வீட்டைப் பற்றிப் பேசினோம். மாடியில் ஒரு அறை போட்டு அவருடைய ஸ்பானர், பம்பு சாமான் எல்லாவற்றையும் அங்கே வைத்துக்கொள்வாராம். அடுக்களைக் குழாய்களை முழுதாக மாற்றிவிடுவாராம். நான் பள்ளிக்கூடம் போய்வரும் நேரத்துக்குச் சோறு வடித்து வைப்பாராம்.

அவர் இல்லாத மாதங்களில் நான் சனிக்கிழமைகளில் மத்தியானம் நாலு மணிக்கு, நின்றபடியே, சட்டியிலிருந்தே தயிர்ச்சோறு சாப்பிடுவேன். ஏன் இப்போ சாப்பிடுகிற, ஏன் தட்டில் போட்டுக்கொள்ளவில்லை என்று கேட்க ஆள் கிடையாது. அது ஏனோ ஞாபகம் வந்தது. சோறு எப்போது தின்றால் என்ன, நான் ஆசைப்பட்ட வரம் கிடைத்துவிட்டது.

நாளைக்குப் படகில் போய்க் கடலுக்குள் தலையை விட்டுப் பார்க்கப் போகிறோம். நான்தான் பதிவு செய்தேன். அவர் வேண்டாம் என்றார், சளி பிடிக்கும் என்றார். நான் விடவில்லை.

ஜனவரி 16

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எட்டு மணிக்குப் படகுத்துறை. எங்களைக் கூட்டிப்போக வந்தவர் பெயர் சந்தியாகு. ஐம்பது வயதிருக்கும், ராமேஸ்வரத்துக்காரர், இங்கே வந்து இருபது வருடமாகிறதாம். தமிழ் என்றதும் முகமெல்லாம் பல். இரண்டு தாளை நீட்டி, பூர்த்தி செய்து கையெழுத்துப் போடச் சொன்னார். ஆஸ்துமா உண்டா, இருதய நோய் உண்டா, காதில் கோளாறு உண்டா, வலிப்பு உண்டா என்று வரிசையாகக் கேள்வி.

எங்கள் வீட்டில் எல்லாத் தாளும் நான்தான் நிரப்புவேன். பேங்க், ரேஷன் கார்டு, யாழினி பள்ளிக்கூடம், வீட்டு வரி. அவர் எட்டு மாதம் கடலில் இருந்தால் வேறு யார் செய்வது? அவர் கையெழுத்தையும் நானே போடுவேன், அவர் போடுவதைவிட அழகாக வரும். இன்றைக்கும் அப்படித்தான். பேனாவை எடுத்தேன், என் தாளில் எல்லாவற்றுக்கும் இல்லை, அவர் தாளிலும் எல்லாவற்றுக்கும் இல்லை. 'எஸ். ஆறுமுகநயினார்' என்று சுழித்துக் கொடுத்துவிட்டேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. அதற்குள் படகு என்ஜினைக் கிளப்பிவிட்டார்கள்.

படகில் போகும்போது சந்தியாகு, "சாருக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார்.

"கப்பல் என்ஜினியர்" என்று பெருமையாகச் சொன்னேன்.

"அப்பக் கடலுக்குள்ள எல்லாம் பாத்திருப்பாரு."

"எங்க பாக்க?" என்றார் இவர். "நான் வேல செய்ற இடம் தண்ணிக்குக் கீழதான் இருக்கும், ஆனா ஜன்னல் கிடையாது. பத்தொம்பது வருசமா கடலுக்குள்ள இருந்து ஒரு மீனப் பாத்தது கிடையாது."

எல்லோரும் சிரித்தோம். மூச்சு விடுகிற குழாயைக் கையில் வாங்கியதும் இவர் வேலையைத் தொடங்கிவிட்டார். அடியில் இருந்த வால்வைக் கழற்றி, ஊதிப் பார்த்து, என்னுடையது சரியில்லை என்று தன்னுடையதை எனக்கு மாட்டிவிட்டார். நீச்சல் கண்ணாடியின் பட்டையில் சிக்கிய என் முடியை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். பிறகு திரும்பி நின்று, பையிலிருந்து எதையோ எடுத்துக் காதில் அடைத்துக்கொண்டார். குளிருக்குப் பஞ்சு வைத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

ஒரு ரப்பர் வளையத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைக்க வேண்டும். சந்தியாகு வளையத்தை இழுத்துக்கொண்டு போவார். நான் முதலில் பயந்து இரண்டு மடக்கு உப்புத் தண்ணீர் குடித்தேன். மூன்றாம் தடவை பழகிவிட்டது.

என்ன சொல்ல? பாடத்தில் பவளப்பாறை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவேன். கீழே ஒரு ஊரே இருக்கிறது. ஊதா, மஞ்சள், கோலமாவு வெள்ளை. பட்டை போட்ட மீன்கள் கூட்டமாக வந்து என் விரலை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போயின. ஒரு சத்தமும் இல்லை, என் மூச்சைத் தவிர. இதை அவர் பக்கத்தில் இருக்கும்போது பார்க்கிறேன், போனில் சொல்லவில்லை, போட்டோ அனுப்பவில்லை, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே மீனைப் பார்க்கிறோம் என்று நினைத்தபோது கண்ணாடிக்குள்ளேயே எனக்கு அழுகை வந்தது.

அப்போது அவர் கை வந்து என் கையைப் பிடித்தது. இறுக்கிப் பிடித்தது. வளையல் உடையும் அளவுக்கு. அவருக்கும் எனக்கு வந்தது வருகிறது என்று நினைத்து நானும் திருப்பி இறுக்கினேன். எவ்வளவு நேரம் அப்படியே மிதந்தேன் என்று தெரியவில்லை, அரை நிமிடம் இருக்கலாம். பிறகு அந்தக் கை என்னைக் கீழே இழுத்தது.

தலையைத் தூக்கிப் பார்த்தால் அவர் தண்ணீரில் உருண்டுகொண்டிருக்கிறார். லைஃப் ஜாக்கெட் மேலே தூக்குகிறது, அவர் அதை எதிர்த்துக் கீழே போகப் பார்க்கிறார். வானம் எந்தப் பக்கம் என்று தெரியாதவர் மாதிரி. குழாய் வாயிலிருந்து போய்விட்டது. சந்தியாகு ஒரே தாவலில் வந்து பின்கழுத்துப் பட்டையைப் பிடித்து மல்லாக்கத் திருப்பி, படகுக்கு இழுத்துக்கொண்டு போனார். நான் வளையத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை.

படகில் போட்டதும் வாந்தி எடுத்தார். கண்மணி இரண்டும் பக்கவாட்டில் துடித்துக்கொண்டே இருந்தன. "சுத்துது, சுத்துது" என்று பலகையைப் பிடித்துக்கொண்டார். சந்தியாகு அவர் தலையைத் திருப்பி இடது காதிலிருந்து நனைந்த பஞ்சை எடுத்தார். வாசலின் மணம்.

"சார், உங்க காதுல ஓட்டை இருக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "ஆமா" என்றார்.

"ஓட்டக் காதோட தண்ணில இறங்கலாமா சார்? உள்ள தண்ணி போனா மேல கீழ தெரியாது, உசுருக்கே ஆபத்து. தாள்ல இல்லன்னு போட்டிருக்கீங்களே!"

"நான்தான் போட்டேன்" என்றேன். 

ஜூலை மாதம் என்ஜின் அறையில் ஒரு காற்றுக் குழாய் அவர் காதோரம் வெடித்திருக்கிறது. சவ்வு கிழிந்து, இடது காது சுத்தமாகப் போய்விட்டது. அந்த மாதம் முழுக்க எனக்கு எழுத்துச் சேதிதான் வந்தது, கப்பலில் நெட் சரியில்லை என்று. சென்னை மெடிக்கலில் இனி எந்தக் கப்பலுக்கும் லாயக்கில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். டிசம்பர் மூன்றாம் தேதி. திரும்பி வரும் வழியில் படகுச் சத்தத்துக்கு மேலே, கண்ணை மூடியபடியே, துண்டு துண்டாகச் சொல்லி முடித்தார்.

டிசம்பர் மூன்றாம் தேதியே தெரியும். முந்தாநாள் கடற்கரையில் நான் எனக்காகவா என்று கேட்டபோதும் தெரியும்.

ஜனவரி 17

டாக்டர் வந்து பார்த்துச் சொட்டு மருந்து கொடுத்தார். தலைசுற்றல் நின்றுவிட்டது. இரண்டு வேளை கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.

உயிரோடு படுத்திருக்கிறாரே, அதைவிட என்ன வேண்டும் உனக்கு என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. வரம் என்று நினைத்துக் கையில் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்த மாதிரி இருக்கிறது. கப்பல் அவரை வேண்டாம் என்றது, அதனால் நான். டிவி சத்தம், நாலு தடவை கூப்பிட்டது, நல்ல காது என் பக்கம் இருக்கும்படி இடப்பக்கமாகவே நடந்தது எல்லாம் இப்போது வரிசையாக வந்து நிற்கிறது. பக்கத்திலேயே இருந்து எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

மத்தியானம் கேட்டேவிட்டேன். அவர் வலது காதுப் பக்கம் நின்று.

"காது நல்லா இருந்திருந்தா பிப்ரவரியில போயிருப்பீங்களா?"

இல்லை என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொன்னால் நம்பிவிடுவது என்றும் நினைத்தேன். அவர் வெகுநேரம் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தார்.

"போயிருப்பேன், வடிவு."

அப்புறம், "அங்க நான் ரெண்டாவது என்ஜினியர். ஒரு சத்தம் மாறினா எந்த பேரிங்னு சொல்லிருவேன். வீட்டுல எனக்கு என்ன வேல? எந்த டப்பா எங்க இருக்குன்னு தெரியாது. நீ எல்லாத்தையும் நீயே பாத்துக்கிடுத. மூணாவது மாசம் வந்தா நான் விருந்தாளி மாதிரி ஆயிருதேன்" என்றார்.

எழுந்து வெளியே போய்விட்டேன். கோபம் இருந்தது. கோபத்துக்குள் வேறொன்றும் இருந்தது, அதைக் கடற்கரையில் ஒரு மணி நேரம் நடந்தும் எழுதத் தெரியவில்லை. அவர் மட்டுமா பொய் சொன்னார்?

ஜனவரி 18, ஹேவ்லாக் படகுத்துறை

பதினொரு மணிக் கப்பல் தாமதம். வரிசையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் வலப்பக்கம் பெட்டிகள் இருந்ததால் நான் இடப்பக்கம். எதிரே தண்ணீர். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைத் தண்ணீரைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று தொடங்கினேன்.

"நானும் ஒண்ணு சொல்லணும். நீங்க கிளம்புற அன்னைக்கு ஏர்போர்ட்ல அழுவேம்லா, அது நெசந்தான். ஆனா வீட்டுக்கு வந்து கதவச் சாத்தினதும் ஒரு நிம்மதி வரும். டப்பாவெல்லாம் பழையபடி எடுத்து வைப்பேன். அன்னைக்கு நல்லாத் தூங்குவேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் உங்களத் தேட ஆரம்பிக்கும். தேடினா அப்படித் தேடும், உங்க சட்டைய வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். ஏழாம் வருசம் நீங்க துறைமுகத்தப் பாத்துக்கிட்டு இருந்தீங்கன்னு பெட்டி அடுக்கினேன்னு சொன்னேனே, அது பொய். எனக்கே போதும்னு ஆயிருச்சு. போகாதீங்க போகாதீங்கன்னு மனசு அடிச்சுக்கிட்டது எல்லாம் நீங்க பக்கத்துல இல்லாதப்பத்தான். எனக்குப் பயமா இருக்குங்க."

சொல்லி முடித்தேன். அவர் தூரத்தில் வந்துகொண்டிருந்த கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்னமும் சொன்னியா?"

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு நன்றாக வரும் சொல் அதுதான். நோட்டு பையில் தயாராக இருந்தது.

எழுந்தேன். அவர் வலப்பக்கம் இருந்த இரண்டு பெட்டியையும் தரையில் இறக்கினேன். அங்கே உட்கார்ந்து, காதோடு வாய் வைத்து, முதலிலிருந்து சொன்னேன். கப்பலின் ஹாரன் வேறு சேர்ந்துகொண்டது, கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. நிம்மதி வரும் என்பதை, நன்றாகத் தூங்குவேன் என்பதை, பெட்டி அடுக்கியதை. வரிசையில் இருந்த தமிழ்க் குடும்பம் ஒன்று திரும்பிப் பார்த்தது. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு இடத்தில் அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். நிறுத்தவில்லை.

"நாம நாலாவது மாசத்த முழுசாப் பாத்ததே கிடையாது. எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. சண்டதான் வரும். ஆனா பாக்கணும்னு ஆசையா இருக்கு. உங்களுக்குப் போக முடியாதுங்கறதுக்காக இல்ல. எனக்கு ஆசையா இருக்கு."

கப்பல் துறையில் வந்து இடித்து நின்றது. எல்லோரும் எழுந்தார்கள். நாங்கள் எழவில்லை.

"கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சு" என்றார். என் கையைப் பிடித்தார். "இன்னொரு தடவ சொல்லு."